சுகர், பி.பி.யோடு மனசையும் செக் பண்ணச் சொல்லுங்க!

மாதாமாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எடை பார்க்கிறார்கள், பி.பி. பார்க்கிறார்கள், விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்கிறார்கள். ‘மனசு எப்படி இருக்கு?’ என்று யாரும் கேட்பதில்லை. அப்படியே கேட்டாலும், ‘நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்’ என்று எழுந்து வந்துவிடுகிறோம். அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமா?

சுகருக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனம் சோர்ந்துபோனவர் மாத்திரையை மறப்பார், நடைப்பயிற்சியை விடுவார், நேரத்துக்குச் சாப்பிட மாட்டார். சுகர் ஏறும். ‘மருந்து கேட்கலை’ என்று டோஸ் கூடும். உண்மையான காரணம் அப்படியே இருக்கும்.

தவிர, மனச்சோர்வு எப்போதும் கண்ணீரோடு வருவதில்லை. அசதி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை என்று உடம்பு வழியாகவும் வரும். அதனால்தான் முதலில் பொது மருத்துவரிடம் போகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். ‘பிஹெச்கியூ-2’ என்ற முறையில் இரண்டே கேள்விகள். கடந்த 2 வாரங்களில்,

* எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா?

* மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா?

‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘சில நாட்கள்’ 1, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ 2, ‘கிட்டத்தட்ட தினமும்’ 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால், அடுத்து 9 கேள்விகள் கொண்ட படிவம். மார்க் கூடுதலாக வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. பேசிப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார்.

பிரசவமான பெண்களுக்கென்று 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-லிருந்தே இருக்கிறது. பெரியவர்கள் எல்லோரிடமும் மனச்சோர்வுப் பரிசோதனை செய்யலாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-ல் பரிந்துரைத்தது.

கேட்டால் மட்டும் போதுமா?

போதாது. கேட்டபிறகு கைபிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டும். இந்தியாவில் 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பிரச்சினையின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. ‘பைத்தியம்னு சொல்லிடுவாங்களோ’ என்ற பயமும் ஒரு காரணம். வழக்கமாகப் போகும் டாக்டரே, பி.பி. பார்க்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டால் அந்தப் பயம் பாதி குறையும். ஆரம்பத்திலேயே தெரிந்தால், பலருக்கு மாத்திரை இல்லாமல் ஆலோசனையிலேயே சரியாகவும் வாய்ப்பிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ‘ரெண்டு வாரமா தூக்கமே இல்ல டாக்டர், எதுலயும் நாட்டம் இல்ல’ என்று நாமே சொல்லலாம். அம்மா, அப்பாவைக் கூட்டிப்போகிறீர்களா? அவர்களுக்காக நீங்களே பதில் சொல்லாமல், கொஞ்ச நேரம் டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வந்தால் அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடக் கூடாது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.