வீட்டுக் கோழியும் குடற்புழுவும்

நம் நாட்டுக் கிராமங்களிலே கோழி இல்லாத வளவு அரிது. ஐந்தாறு பேடுகளும் ஒரு சேவலும் இருந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். மிஞ்சியதை விற்றால் கைச்செலவுக்குக் காசும் சேரும். யான் அதிபராக இருக்கும் பாடசாலையிலே, தாய்மார் வளர்க்கும் கோழிகளின் முட்டை விற்ற காசில் கொப்பி வாங்கும் மாணவர் பலர். கொப்பியின்றி வந்த மாணவி ஒருத்தியிடம் காரணம் வினவியபோது, "கோழி முட்டை இடுகுதில்லை, சேர்" என்று தலைகுனிந்து கூறினாள். அச்சிறுமியின் சொல்லே இன்றைய பேச்சுக்கு வித்தாயிற்று.

கோழி முட்டையிடுதலை நிறுத்துவதற்குக் காரணங்கள் பல. அடைகிடக்கும் பருவம், இறகு உதிர்க்கும் காலம், தீனிக் குறைவு என்பன அவற்றுட் சில. இவையன்றி, பேடு தின்றும் மெலிந்து, கொண்டை வெளிறி, சிறகு தொங்கி, நெஞ்சென்பு கூர்மையாய்க் கையில் தட்டுப்படுமாயின் குடற்புழுவை ஐயுறல் வேண்டும். எச்சத்திலே புழு காணப்படின் ஐயம் தீரும். குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தோன்றினால் அது பெரும்பாலும் கொக்சிடியோசிஸ் என்னும் வேறு நோயாகும். புழு மருந்து அதற்குப் பயன்படாது. பல கோழிகள் திடீரென வீழ்ந்து இறப்பின், மருந்து தேடி அலையாது கால்நடை வைத்தியரிடம் அறிவித்தலே முறை.

கோழியின் குடலில் வாழும் புழுக்களுள் முதன்மையானது பெருவட்டப்புழு. 5 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீண்டு, வெளிறிய நூல்போல் சிறுகுடலிலே தங்கும். மிகுந்துவிடின் இளங்கோழியின் குடலை அடைத்துக் கொல்லவும் கூடும். அரிதாக, வழிதவறிய புழுவொன்று முட்டைக்குள்ளேயே அகப்பட்டு, உடைத்துப் பார்ப்போரை அருவருப்புறச் செய்வதும் உண்டு. குருட்டுக்குடலில் வாழும் சிறுபுழு கோழிக்குப் பெருந்தீங்கு செய்யாதாயினும், வான்கோழியைக் கொல்லும் கருந்தலை நோயைச் சுமப்பது. ஆதலின் இவ்விரு பறவைகளையும் ஒரே வளவில் வளர்த்தல் நன்றன்று. நாடாப்புழுவோ எறும்பு, வண்டு, ஈ முதலியவற்றைத் தின்பதால் தொற்றுவது.

பெருவட்டப்புழுவின் வாழ்க்கையிலே நாம் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அதன் முட்டை எச்சத்துடன் வெளிவந்த உடனே தீங்கு செய்வதில்லை. வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணிலே ஏறத்தாழ 10 முதல் 20 நாள் வரை கிடந்த பின்னரே அதனுள் தொற்றவல்ல குடம்பி உருவாகும். அதனைக் கொத்தி விழுங்கிய கோழியின் குடலில் 5 முதல் 8 வாரத்திலே புழு முதிர்ந்து தானும் முட்டையிடும். நிழலும் ஈரமும் உள்ள நிலத்தில் அம்முட்டைகள் பல மாதம் அழியாதிருக்கும். சாதாரண கிருமிநாசினிகள் அவற்றை எளிதில் அழிப்பதில்லை. கடும் வெயிலும் வறட்சியுமே அவற்றின் பகை. ஆகவே எச்சம் விழுந்த நாள் தொடங்கி ஏறக்குறையப் பத்து நாள் நமக்குத் தவணையாகக் கிடைக்கின்றது. அத்தவணைக்குள் எச்சத்தை அகற்றுவோர் புழுவின் வழியை அறுத்தவராவர்.

மேற்கூறிய மாணவியின் வீட்டுக்கு ஒரு மாலை சென்றிருந்தேன். கோழிகள் இரவிலே தங்குவது முற்றத்து மாமரத்தில். அதன் கீழே பலநாள் எச்சம் ஈர நிழலில் மண்ணோடு கலந்து கிடந்தது. காலையும் மாலையும் அவள் தாயார் குறுணல் இறைப்பதும் அவ்விடத்திலேதான். புழுவின் முட்டையைத் தீனியோடு கலந்து ஊட்டுவதற்கு இதனினும் நேரான வழி இல்லை!

இனி மருந்தைப் பற்றிக் கூறுவேன். பிப்பரசின் பெருவட்டப்புழுவை அகற்றும். ஏனைய புழுக்களுக்கு அதனை நம்ப இயலாது. லெவாமிசோல், பென்பென்டசோல் என்பன பலவகை வட்டப்புழுக்களையும் தாக்க வல்லன. நாடாப்புழுவுக்கு வேறு மருந்து வேண்டும். எனவே எச்சத்தைக் கால்நடை வைத்தியரிடம் காட்டி, எப்புழு என்று அறிந்து, கோழியின் எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டுப் பெறுதல் தக்கது. குடற்சுவரிலே புதைந்திருக்கும் இளம்புழு முதல் மருந்துக்குத் தப்பக் கூடுமாதலின், அவர் குறிக்கும் நாளில் மறுமுறையும் கொடுத்தல் வேண்டும். மருந்துண்ட கோழியின் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதையும் கேட்டறிக. வேப்பிலை, பப்பாசி விதை, உள்ளி முதலியவற்றைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. மிகுந்து பெருகிய புழுவுக்கு அவற்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

மருந்து கொடுக்கும் முறையில் யானும் ஒருகாற் பிழைபட்டேன். வீட்டிலே வாளித் தண்ணீரில் மருந்தைக் கரைத்து வைத்துவிட்டுப் பாடசாலைக்குச் சென்றேன். மாலையில் வந்து பார்க்க, வாளி குறையவில்லை. கோழிகளோ கிணற்றடிச் சேற்றில் நீர் குடித்துக்கொண்டிருந்தன! உலாவித் திரியும் கோழியை இரவிலே கூட்டில் அடைத்து, விடிந்ததும் வெளியே விடாது, அன்று குடித்து முடிக்கத்தக்க சிறிதளவு நீரிலே மருந்தைக் கலந்து வைத்தல் வேண்டும். அடுத்த ஓரிரு நாளும் அடைத்தே வைத்து, வெளிவரும் புழுவையும் எச்சத்தையும் ஆழப் புதைத்துவிடுக. அப்புழுக்களின் உடலிலும் முட்டைகள் நிறைந்திருக்கும்.

பின்னர் செய்ய வேண்டியவை எளியன. கூட்டின் கீழ் விழும் எச்சத்தை நாள்தோறும் வாரி, கோழி கிளறாதவாறு மூடிய குழியில் இடுக. தீனியை நிலத்தில் இறையாது தட்டில் வைக்க. கிளைகளைத் தறித்து முற்றத்தில் வெயில் விழச் செய்க. கிணற்றடி நீர் தேங்காது வழிந்தோட வாய்க்கால் வெட்டுக. மூன்று மாதம் நிரம்பாத குஞ்சுகளையே புழு மிகவும் வருத்தும். முதிர்ந்த கோழியோ நோய்க்குறி இன்றியே புழுவைச் சுமந்து திரியும். ஆதலால் குஞ்சுகளை முன்பு கோழி திரியாத நிலத்திலே வளர்த்தல் நலம். முருங்கையிலை போன்ற பச்சிலைகளை நறுக்கி இடுக. விற்றமின் ஏ குறைந்த கோழியைப் புழு எளிதில் மேற்கொள்ளும்.

அம்மாணவியின் தாயார் மருந்து கொடுத்ததோடு நில்லாது, கோழிகளைக் கூட்டில் அடைத்துப் பழக்கி, குறுணலைத் தட்டில் வைத்து, மாமரத்தடி மண்ணையும் மேலாக வெட்டி அகற்றினார். இரு மாதங்கழித்து மாணவி புதிய கொப்பியுடன் வந்தாள். மருந்து கோழியின் வயிற்றைத் துப்புரவாக்கும். வளவைத் துப்புரவாக்குவன மண்வெட்டியும் ஈர்க்குமாறுமே. முன்னதை மட்டும் செய்து பின்னதை மறப்போர், அடுத்த மாதமும் மருந்துக்கே காசு செலவிடுவர்.