கத்தியின் சரிவும் வேலையின் இயல்பும்

கத்தி வாங்குபவர் இரும்பின் தரத்தையும் பிடியின் உறுதியையும் விலையையும் விசாரிக்கிறார்; ஆனால் அந்தக் கத்தி எப்படி வெட்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிற மற்றொன்றை, அதாவது முதுகிலிருந்து வாய்வரை அதன் அலகு எவ்விதமாக மெலிந்து வருகிறது என்பதை, அவர் பெரும்பாலும் உற்றுப் பார்ப்பதில்லை. முதுகு என்பது அலகின் தடித்த மேற்பகுதி. வாய் என்பது வெட்டும் கூர்விளிம்பு. இவ்விரண்டுக்கும் இடையில் சாணைக்கல்லும் அரமும் தேய்த்து உருவாக்குகிற சாய்ந்த பரப்பைச் சாணைச் சரிவு எனலாம். ஒரே இரும்பில், ஒரே நீளத்தில் அடிக்கப்பட்ட இரண்டு அலகுகளுக்கு வெவ்வேறு சரிவுகளைக் கொடுத்தால், ஒன்று மீனின் சதையைச் சிதைக்காமல் கீறும், மற்றொன்று காய்ந்த கருவேலங்கிளையைத் துண்டாக்கும். வேலையை மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே தோற்கும்.

இந்த உண்மை கண்முன்னே விளங்குகிற இடங்களுள் காரைக்காலும் ஒன்று. மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களால் மூன்று பக்கமும் சூழப்பட்டு, கிழக்கே வங்கக் கடலைப் பார்த்தபடி, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் தனித் துண்டாக அமைந்திருக்கும் இந்தச் சிறு நிலப்பரப்பு காவிரியின் கடைமடையில் இருக்கிறது. திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து நெல்வயல்கள், ஊர்தோறும் உள்ள தென்னையும் பனையும், மேட்டு மணலில் வளரும் சவுக்கு, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் குடியிருப்புகள் ஆகிய அனைத்தும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. தாள், பாளை, மட்டை, விறகு, மீன், கயிறு என ஒவ்வொன்றும் வேறு வகையான எதிர்ப்பைக் காட்டுவதால், இங்கு வழங்கும் வெட்டுக்கருவிகளும் ஒன்றுக்கொன்று வேறான சரிவுகளைக் கொண்டிருக்கின்றன.

அறுப்பதும் விலக்குவதும்

எல்லாக் கத்திகளும் அடிப்படையில் ஆப்புகளே. ஆப்பின் நுனி பொருளின் இழைகளை அறுக்கிறது. நுனியைத் தொடர்ந்து வரும் தடிமன் அறுந்த பகுதிகளை இருபுறமும் விலக்குகிறது. வாழைத்தண்டு, மீன், காய்கறி போன்றவற்றில் அறுப்பதே முக்கியம் என்பதால் மெல்லிய அலகு போதும். விறகில் இழைகளைப் பிரித்து விலக்குவது முக்கியம் என்பதால் தடித்த அலகே பயன்படும். மெலிவு எளிதாக உள்ளே செல்ல உதவுகிறது, தடிமன் வலிமை தருகிறது, ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. தகட்டின் தடிமன் இருமடங்கானால் வளைவை எதிர்க்கும் அதன் திறன் எட்டு மடங்காகும் என்பது பொறியியல் விதி. தடிமனைப் பாதியாக்கினால் அந்தத் திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதும் அதே விதியே.

இரு பக்கச் சரிவுகளும் வாயில் சந்திக்கும் கோணத்தை வாய்க்கோணம் என்று குறிப்பிடலாம். மழிக்கும் கத்திகளில் அது 20 டிகிரிக்குள் அடங்குகிறது. சமையலறைக் கத்திகளில் 30 டிகிரியை ஒட்டியும், வெளிவேலைக்கான கத்திகளில் 40 டிகிரியை ஒட்டியும் அமைகிறது. ஓங்கி வெட்டும் கருவிகளில் அதையும் கடக்கிறது. முதுகின் தடிமனும் சரிவின் உயரமும் சேர்ந்தே சரிவின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகில் சரிவு 30 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கினால் கோணம் 6 டிகிரிக்கும் குறைவாக இருக்கும். அதே அலகில் சரிவு 8 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கினால் கோணம் ஏறக்குறைய 21 டிகிரி ஆகிவிடும். இரும்பு மாறவில்லை, தடிமன் மாறவில்லை. சரிவு தொடங்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது, ஆயினும் கத்தியின் இயல்பு முற்றிலும் வேறாகிவிடுகிறது.

சரிவின் வகைகள்

முதுகிலிருந்தே தொடங்கி நேர்க்கோடாக வாய்வரை இறங்குவது முழுத் தட்டைச் சரிவு. அது நுனியில் மிக மெலிந்துவிடுவதால், வாயை ஒட்டிச் சற்று அகன்ற கோணத்தில் இரண்டாவதாக ஒரு சிறு சரிவு பிடிக்கப்படுகிறது. ஆழமாக வெட்டும்போதும் அலகு சிக்குவதில்லை என்பது இதன் சிறப்பு. மீன் துண்டாக்கவும், காய் நறுக்கவும், முகாமில் உணவு தயாரிக்கவும் இதுவே ஏற்றது. பொருளைக் கத்தியிடம் கொண்டுசெல்கிற அரிவாள்மனையின் அலகும் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நெம்புவதற்கோ, பெரிய மீனின் முள்ளை ஓங்கித் தட்டி உடைப்பதற்கோ பயன்படுத்தினால் இதன் வாய் மடங்கும் அல்லது பொரிந்துவிடும்.

அலகின் நடுவிலிருந்து மட்டும் தொடங்குகிற தட்டைச் சரிவு பழைய போர்வாள்களின் நினைவாக மேலைநாடுகளில் சேபர் சரிவு எனப்படுகிறது. மேற்பாதி முழுத் தடிமனுடன் நிற்பதால் அலகு உறுதியாக இருக்கும். மட்டையை நெம்பிப் பிளக்கும்போது தாங்கும். ஆனால் அந்தத் தடிமனே தேங்காய்ப் பருப்பையோ கிழங்கையோ நறுக்கும்போது தடையாகி, அறுபட வேண்டிய பொருளை வெடிக்கச் செய்யும்.

வட்டச் சாணைக்கல்லின் வளைவில் அலகின் இரு பக்கங்களையும் தேய்த்தால், கல்லின் வட்டத்திற்கு ஏற்பப் பக்கங்கள் உள்வாங்கி, உட்குழிவுச் சரிவு உருவாகிறது. முடிதிருத்தும் நிலையங்களில் முன்பு புழங்கிய மடக்குச் சவரக்கத்தி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வாயை ஒட்டிய பகுதி மிகவும் மெலிந்திருப்பதால் தோலையும் மெல்லிய சதையையும் இது அரிய கூர்மையுடன் கீறுகிறது. பலமுறை தீட்டினாலும் அந்த மெலிவு ஓரளவு நீடிக்கிறது. குழிவு முடியும் இடத்தில் தடிமன் சட்டெனப் பெருகுவதால், ஆழ்ந்த வெட்டில் அலகு நடுவே நின்றுவிடுகிறது; மரத்திலும் எலும்பிலும் பட்டால் வாய் எளிதில் சிதைகிறது. வெளியிடங்களில் கடும் வேலைக்கு ஒரே கத்தியை நம்பிச் செல்பவருக்கு இது ஏற்றதன்று.

இதற்கு நேர் எதிரானது வெளிப்புறமாகப் புடைத்து, வில்போல் வளைந்து வாயில் முடியும் புடைப்புச் சரிவு. கூர்மைக்குப் பின்னால் போதிய இரும்பு நிற்பதால் அடியின் அதிர்ச்சியை வாய் தாங்குகிறது. பக்கங்கள் வளைந்திருப்பதால் மரத்துடன் அவை உரசும் பரப்பு குறைந்து, ஆழப் பதிந்த அலகையும் எளிதாகப் பிடுங்கிவிடலாம். கோடாலியும், விறகு வெட்டும் கனத்த அரிவாளும் இந்த வடிவத்தையே நாடுகின்றன. லாரியின் வில்பட்டையை உலையில் காய்ச்சி அடித்து, அரத்தால் ராவி உருவாக்கும் வெட்டரிவாள் தொடக்கத்தில் நேரான சரிவுடன் இருந்தாலும், கையால் தீட்டும்போது ஏற்படும் இயல்பான அசைவாலும், நடுவில் தேய்ந்து பள்ளமான கல்லாலும், காலப்போக்கில் புடைப்பையே பெறுகிறது. மென்பொருளை மெல்லியதாக நறுக்க இது உதவாது. தட்டையான கல்லில் இதைச் சீராகத் தீட்டுவதற்கும் பழகிய கை வேண்டும்.

வட ஐரோப்பாவின் மரவேலைக் கத்திகளில், குறிப்பாகச் சுவீடனின் மோரா ஊர்க் கத்திகளில், சரிவு அலகின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, இரண்டாம் சரிவு ஏதுமின்றி நேரே வாயில் முடிகிறது. அகன்ற அந்தச் சரிவைக் கல்மீது படியவைத்தாலே சரியான கோணம் கிடைத்துவிடுவதால், புதிதாகக் கற்பவரும் தவறின்றித் தீட்டலாம். மரம் சீவும்போது அதே சரிவு மரத்தின்மேல் படிந்து கையை வழிநடத்துகிறது. எனினும் ஒவ்வொரு முறையும் அகன்ற பரப்பு முழுவதையும் தேய்க்க வேண்டியிருப்பதும், கடினமான கணுக்களில் மெல்லிய வாய் உடையக்கூடியதாக இருப்பதும் இதன் குறைகள்.

ஒரு பக்கம் மட்டும் சரிந்து மறுபக்கம் தட்டையாக நிற்பது ஒருபக்கச் சரிவு. தச்சரின் உளி அதன் மூலவடிவம். ஒரு பக்கக் கோணம் மட்டுமே இருப்பதால் வாய்க்கோணத்தை மிகக் குறைவாக வைக்க முடிகிறது. ஆழமான வெட்டில் அலகு நேராகச் செல்லாமல் தட்டைப் பக்கமாக ஒதுங்கும் என்பதாலும், வலக்கைக்குப் பிடித்த சரிவு இடக்கைக்கு ஒத்துவராது என்பதாலும், இதைப் பொதுவேலைக்குத் தேர்ந்தெடுப்போர் குறைவு.

பாளையும் தாளும்

மெலிவின் மதிப்பை மரமேறிகளின் பாளை சீவும் அரிவாள் போல வேறெதுவும் உணர்த்துவதில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்க, காரைக்கால் அடங்கிய புதுச்சேரிப் பகுதியில் அது உரிமத்துடன் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே பாளை சீவும் தொழிலுக்கும் அதன் கருவிக்கும் அங்கு இடமிருக்கிறது. வெட்டப்பட்ட பாளையின் முகம் சில மணி நேரத்தில் காய்ந்து அடைபடத் தொடங்குவதால், அன்றாடம் மீண்டும் மீண்டும் அதன்மேல் மெல்லிய சீவல் ஒன்றை எடுக்க வேண்டும். கூர்மை குன்றிய வாய் இழைகளை நசுக்கிச் சாறு சுரக்கும் துளைகளை அடைத்துவிடும். தடித்த அலகு தேவைக்கு மேல் பாளையை வீணாக்கும். அகன்று மெலிந்த இந்த அலகைக் கல்லோடு நிறுத்தாமல், நுண்பொடி தூவிய மரக்கட்டையிலும் தீட்டிப் பதப்படுத்துவது தொழிலின் வழக்கம். விறகில் ஒரு முறை ஓங்கினாலும் அதன் வாய் கெட்டுவிடும் என்பதால், மரமேறி அதை வேறு வேலைக்குத் தொடவிடுவதில்லை.

நெல் அறுக்கும் கருக்கரிவாள் வேறொரு வழியைக் காட்டுகிறது. அதன் மெல்லிய வளைந்த அலகில், பொதுவாக ஒரு முகத்தில் மட்டும், நுண்ணிய பற்கள் சாய்வாகக் கொத்தப்பட்டிருக்கும். இந்தப் பற்களே கருக்கு. நெல்தாளில் உள்ள சிலிக்கா என்னும் மணற்சத்து வழவழப்பான வாயை விரைவில் மழுக்கிவிடும். கருக்கு அமைந்த வாயிலோ அழுத்தம் பற்களின் முனைகளில் குவிவதால், அவை வழுக்காமல் தாளைப் பற்றி இழுப்பிலேயே அறுத்துவிடுகின்றன. பற்கள் தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்து மீண்டும் கருக்கு வெட்டிக்கொள்வதே வழி. சாதாரணக் கல்லில் தீட்டினால் பற்கள் அழிந்துபோகும். படகில் நைலான் கயிறு அறுப்பதற்குப் பற்களுள்ள வாய் சிறந்து விளங்குவதற்கும் காரணம் இதுவே. அறுவடை இயந்திரங்கள் பரவிவிட்ட பின்பும், இயந்திரம் திரும்ப இயலாத வயல் மூலைகளிலும், மழையில் சாய்ந்த பயிரிலும் கருக்கரிவாளின் தேவை தீரவில்லை.

தீட்டும் கையின் பொறுப்பு

பட்டறையில் பெற்ற சரிவு நிலையானதன்று. தீட்டுகிற ஒவ்வொருவரும் அதை அறிந்தோ அறியாமலோ மாற்றுகிறார். வாயை மட்டுமே தொடர்ந்து தேய்த்துவந்தால், அது அலகின் தடித்த பகுதியை நோக்கி மேலேறி, கூர்மை இருந்தும் இறங்காத கத்தியாகிவிடும். ஆகவே வாய்க்குப் பின்னுள்ள சரிவையும் அவ்வப்போது தேய்த்து மெலிய வைக்க வேண்டும். நீரின்றி வேகமாகச் சுழலும் மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தால் மற்றொரு கேடும் சேர்கிறது: கார்பன் உருக்கின் மெல்லிய வாய் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டு நீலம் பாரிக்கும்போது, கொல்லர் தோய்ச்சலால், அதாவது காய்ச்சிக் குளிர்வித்து, ஏற்றிய கடினம் அந்த இடத்தில் குறைந்துவிடுகிறது. உப்புக்காற்று வீசும் கரையில் துரு முதலில் தின்பதும் மெலிந்த வாயையே; ஆகவே வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவது, சரிவு எவ்வளவுக்கு மெல்லியதோ அவ்வளவுக்கு இன்றியமையாதது.

தமிழகத்தின் உருக்கு உலகப் புகழ் பெற்றது. கொடுமணல் அகழாய்வு பழங்காலத்து இரும்பு, உருக்குத் தொழிலின் சான்றுகளை வெளிக்கொணர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற ஊட்சு என்னும் உருக்கை இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே 1820ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்தார். உருக்கின் வேதியியலுக்குக் கிடைத்த இந்தக் கவனம், அந்த உருக்குக்கு வேலையறிந்து சரிவு கொடுத்த கைகளுக்குக் கிடைக்கவில்லை. வெளியூர்ப் பயணத்துக்கோ தோட்டத்துக்கோ கத்தி வாங்குபவர், முனைப்பக்கமிருந்து அதன் குறுக்குவடிவை உற்றுப் பார்த்து, அது எந்த வேலைக்காக மெலிந்திருக்கிறது அல்லது தடித்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா வேலைக்கும் ஒன்று என விற்கப்படும் கனத்த கத்தியைவிட, நறுக்கத் தட்டைச் சரிவுடைய ஒரு சிறு கத்தியும், வெட்டப் புடைப்புச் சரிவுடைய ஓர் அரிவாளும் சேர்ந்து அதிகம் பயன்தரும்.

இயந்திரங்கள் பெருகப் பெருகக் கொல்லர் பட்டறைகளின் வேலை சுருங்கிவரும் இக்காலத்தில், கடைமடை ஊர்களின் அரிவாள்களை அளந்து, முதுகின் தடிமன், சரிவின் உயரம், வாய்க்கோணம், கருக்கின் நெருக்கம் ஆகியவற்றை வரைபடங்களாகப் பதிவுசெய்வது அவசரமான பணி. காரைக்காலிலேயே இயங்கும் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் போன்ற நிறுவனங்கள், பட்டறைக்காரர்களையே ஆசிரியர்களாகக் கொண்டு இதை மேற்கொண்டால், எழுத்தில் ஏறாத ஒரு பொறியியல் அறிவு அடுத்த தலைமுறையின் கைக்கும் சென்று சேரும்.