எழுத்தும் எண்ணும்: தொடக்க வகுப்புகளில் கைவர வேண்டிய திறன்கள்

கல்வியைப் பற்றிய இஸ்லாத்தின் நோக்கை விளக்க முற்படுவோர் ஹிராக் குகையில் அருளப்பெற்ற முதல் வஹியிலிருந்து தொடங்குவது மரபு. வாசிப்பும் எழுதுகோலும் அவ்வசனங்களில் அருகருகே இடம்பெற்றுள்ளன. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) நிகழ்ந்த பத்ருப் போருக்குப் பின், ஈட்டுத்தொகை செலுத்த வசதியற்ற, ஆனால் எழுத்தறிவு பெற்றிருந்த கைதிகள் அன்ஸாரிகளின் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதையே தம் விடுதலைக்கான ஈடாக நபி (ஸல்) அவர்கள் விதித்தார்கள் என்பதை ஹதீஸ், ஸீரா நூல்கள் பதிவு செய்துள்ளன. கற்பித்தவர்கள் இஸ்லாத்தை ஏற்காதவர்கள். எனவே அவர்களிடமிருந்து எதிர்பார்க்கப்பட்டது மார்க்கப் போதனையன்று; வெறும் எழுத்தறிவே. ஓர் இளம் சமுதாயம் தன் சிறுவர்களின் எழுத்தறிவை எத்துணை மதிப்புள்ள பொருளாகக் கருதிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை.

இன்று நம் பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்குச் செல்கின்றனர். எனினும் பள்ளிக்குச் செல்வதும் எழுத்தறிவு பெறுவதும் ஒன்றெனக் கொள்வதற்கில்லை. முதல் மூன்று வகுப்புகளில் ஒரு பிள்ளை எவற்றில் தேர்ச்சி பெற வேண்டும், நம் சூழலில் அத்தேர்ச்சிக்குத் தடையாக இருப்பவை யாவை, நம் மக்தப் மதரஸாக்கள் இதில் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

மூன்றாம் வகுப்பு ஏன் எல்லையாகிறது?

முதல் மூன்று ஆண்டுகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதன்பின் வாசிப்பதன் வழியாகவே ஏனைய பாடங்களைக் கற்க வேண்டியிருக்கிறது. அறிவியல், வரலாறு என எல்லாம் அச்சிட்ட பக்கங்களாக அதன்முன் வைக்கப்படுகின்றன. கணக்குக்கூட வாக்கியங்களாக வருகிறது. எட்டு வயதில் தடுமாறி வாசிக்கும் பிள்ளை ஒரு பாடத்தில் மட்டும் பின்தங்குவதில்லை. எல்லாப் பாடங்களிலும் ஒருசேரப் பின்தங்குகிறது. ஆசிரியர் மேலே செல்லச் செல்ல இடைவெளி அகலுமேயன்றிக் குறைவதில்லை.

அரசுகளும் இவ்வெல்லையை ஏற்றுக்கொண்டுள்ளன. 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'நிபுன் பாரத்' இயக்கம் மூன்றாம் வகுப்பின் முடிவையே இலக்காகக் கொண்டது. தமிழகத்தில் கொரோனாப் பரவலால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்விடைவெளியில் பிள்ளைகள் இழந்ததை ஈடுசெய்யும் நோக்குடன் 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பெற்றது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் பிழையின்றி எழுதவும் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் 2025ஆம் ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அதன் குறிக்கோள். பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பிரிக்காமல், அவர்கள் அடைந்துள்ள நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் முறை அதில் கையாளப்பட்டது. 2023-24 கல்வியாண்டில் இத்திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

நம் வட்டாரச் சூழல்

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஊர்கள். முன்னது பால்கோவாவுக்கும் பின்னது நூற்பாலைகளுக்கும் பெயர்பெற்றவை. இராசபாளையத்தையடுத்த சத்திரப்பட்டி, மருத்துவத்திற்குப் பயன்படும் பேண்டேஜ் துணி நெசவால் வாழும் ஊர். இவ்வூர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டம், 2018இல் மத்திய அரசு தெரிவுசெய்த 'வளர்ச்சியை நாடும் மாவட்டங்களில்' ஒன்று. கல்வி அத்தெரிவின் அளவுகோல்களுள் ஒன்றாக இருந்தது. ஆலையில் முறைப்பணி செய்யும் பெற்றோரும் தறியில் நாள் முழுவதும் நிற்கும் பெற்றோரும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் வாய்க்காதவர்கள். அதை அவர்களின் அலட்சியம் எனக் கூறுதல் நியாயமாகாது.

இச்சூழலில் வளரும் முஸ்லிம் பிள்ளைக்கு ஒரே நாளில் இரு பள்ளிகள். காலையிலோ மாலையிலோ மக்தப், பகலில் பள்ளிக்கூடம். ஆறு வயதுக்குள் மூவகை எழுத்துகளை அது எதிர்கொள்கிறது. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபி எழுத்துகள் 28. ஆங்கில எழுத்துகள் 26. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. மூன்றுக்கும் தனித்தனி விதிகள். இச்சுமையைப் பிள்ளைகள் தாங்குகின்றனர் என்பது வியப்புக்குரியது. ஆனால் அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்பது நம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. பிள்ளை ஸூராக்களை அழகுற ஓதுகிறது. ஆங்கில வழிப் பள்ளியின் நோட்டில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்கள் நிறைந்துள்ளன. இவ்விரண்டையும் கண்டு நாம் மனநிறைவு கொள்கிறோம். புதியதொரு பத்தியைத் தானே வாசித்துப் பொருள்கூற அப்பிள்ளைக்கு இயலுமா என்பதை இவ்விரண்டில் எதுவும் நமக்குக் காட்டுவதில்லை.

ஒலியும் எழுத்தும்

அடைய வேண்டிய முதல் திறன், எழுத்தைக் கண்டதும் ஒலியையும் ஒலியைக் கேட்டதும் எழுத்தையும் தயக்கமின்றிக் கொணர்தல். அரபியில் ஜபர், ஜேர், பேஷ் ஆகிய குறிகள் எழுத்தின் மேலோ கீழோ நிற்கும். தமிழின் உயிர்க்குறிகள் அவ்வாறு ஓரிடத்தில் நிற்பதில்லை. 'கா' என்பதில் வலப்புறம். 'கி' என்பதில் மேலே. 'கெ', 'கை' என்பவற்றில் இடப்புறம். 'கொ' என்பதில் இருபுறமும். காதில் பின்னால் ஒலிக்கும் உயிரைக் கை முன்னால் எழுத வேண்டியுள்ளது. 'கு, சு, டு, து' ஆகியவற்றில் உகரக் குறி நான்கு விதமாக இணைகிறது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 'ணா', 'னை' போன்றவற்றின் வடிவத்தை ஒழுங்குபடுத்திற்று. உகர, ஊகார வரிசைகள் பழையவாறே உள்ளன. ஆகவே 'கு' தெரிந்த பிள்ளைக்குத் 'து' தானாக வரும் என எண்ணலாகாது. இவ்வரிசைகளைத் தனியே பயிற்ற வேண்டும்.

இங்கு மக்தப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஸீன், ஸாத் ஆகியவற்றை மக்ரஜ் பிசகாமல் பிரித்து ஒலிக்கப் பயின்ற நாவுக்கு ல, ள, ழ ஆகிய மூன்றையும் பிரித்தறிவது கடினமன்று. பிள்ளை ஓதும்போது காட்டும் அதே கண்டிப்பை அது தமிழ் வாசிக்கும்போதும் நாம் காட்டினால் போதுமானது.

பொருளுணர்ந்து வாசித்தல்

இரண்டாம் திறன் பொருளுணர்ந்து சரளமாக வாசித்தல். எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகும் பிள்ளை, வாக்கியத்தின் இறுதியை எட்டும்போது அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. சரளம் வேகத்தின் பொருட்டு வேண்டப்படுவதன்று. பொருளுக்கு இடந்தரும் பொருட்டே வேண்டப்படுகிறது.

இதில் நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு வரலாறு உண்டு. தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக அரபுத் தமிழைக் கையாண்டனர். அரபி எழுத்துகளுடன் தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டிய சில எழுத்துகளையும் சேர்த்துத் தமிழையே அவ்வரிவடிவில் எழுதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ஆக்கங்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. குர்ஆன் ஓதுவதற்காகக் கற்ற எழுத்தைக் கொண்டே ஒரு பெண், தான் பேசும் மொழியில் எழுதப்பட்ட சட்டங்களையும் வரலாறுகளையும் வாசித்து விளங்கினார். ஒலித்தலும் விளங்குதலும் ஒரே எழுத்தில் ஒன்றிணைந்திருந்தன. கடந்த நூற்றாண்டில் அரபுத் தமிழ் அருகியபோது ஒரு நூல்வகையை மட்டும் நாம் இழக்கவில்லை. மக்தபின் எழுத்துக்கும் பிள்ளையின் தாய்மொழிக்கும் இடையிலிருந்த பாலத்தையும் இழந்தோம். இன்றைய பிள்ளை மக்தபில் பொருளறியாது ஒலிக்கப் பழகுகிறது. ஆங்கில வழி வகுப்பிலும் பெரும்பாலும் அதுவே நிகழ்கிறது. வாசிப்பு என்றாலே ஒலிப்பது என அது முடிவுசெய்துகொண்டால் குற்றம் பிள்ளையுடையதன்று. அது புரிந்துகொள்ளும் மொழியில், அதாவது தமிழில், நாள்தோறும் சிறிதளவேனும் வாசித்துப் பொருள்கூறும் பழக்கம் இதனால்தான் இன்றியமையாததாகிறது.

எழுதுதல்

மூன்றாம் திறன் எழுதுதல். பார்த்து எழுதுவது அதன் முதற்படி மட்டுமே. சொல்வதைக் கேட்டு எழுதுதல் இரண்டாம் படி. தன் எண்ணத்தைத் தன் சொற்களில் மூன்று நான்கு வாக்கியங்களாக எழுதுதல் மூன்றாம் படி. 'நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள்?' என்று கேட்டு அதனை எழுதச் சொன்னால் பிள்ளை எப்படியில் நிற்கிறது என்பது தெளிவாகிவிடும்.

எண்ணும் இடமதிப்பும்

நான்காம் திறன் எண்ணறிவு. நூறு வரை ஒப்புவிப்பது எண்ணறிவாகாது. 37 என்பதில் 3 முப்பதைக் குறிக்கிறது என்று விளங்குவதே எண்ணறிவு. பண்டைத் தமிழ் எண் முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடுகள் இருந்தன. இன்று நாம் கையாளும் இடமதிப்பு முறை இந்தியாவில் தோன்றி, ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் வழியாக மேற்குலகை அடைந்தது. வெறுமையைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்னும் அரபிச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'ஜீரோ' என மருவிற்று. அறிஞர்கள் பல நூற்றாண்டுகளில் எட்டிய ஒரு கருத்தை ஏழு வயதுப் பிள்ளை ஓராண்டில் எட்ட வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் நமக்குப் பொறுமை பிறக்கும்.

தமிழ் எண்ணுப் பெயர்கள் இதற்குப் பெரிதும் துணைசெய்கின்றன. 'பதினாறு' என்பதில் பத்து முன்னும் ஆறு பின்னும் ஒலிக்கின்றன, எழுதுவதும் அவ்வாறே. ஆங்கிலத்தின் 'சிக்ஸ்டீன்' ஆறை முன்னே சொல்கிறது. அரபியும் 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்றே சொல்கிறது. ஆயினும் தமிழிலும் 'தொண்ணூறு' என்பதில் நூறு ஒலிப்பது பிள்ளையைக் குழப்பும். 'நூற்று ஐந்து' என்பதைக் கேட்டு 1005 என எழுதும் பிள்ளை கவனக்குறைவால் அவ்வாறு செய்யவில்லை. கேட்டதை அப்படியே எழுதியுள்ளது. இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை என்பதே அதன் பொருள். 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என விடை எழுதும் பிள்ளையும் அத்தகையதே. ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. நான்கு பத்துக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்து ஒரு கட்டை அவிழ்க்கச் செய்தால் 25 என்னும் விடையை அது தானே காணும்.

அளவைகளும் இவ்வயதிலேயே பழக வேண்டியவை. கால் கிலோப் பால்கோவாப் பொட்டலம் ஆறு சேர்ந்தால் எத்தனை கிலோ? 18 மீட்டர்த் துணியில் 3 மீட்டர்த் துண்டுகள் எத்தனை? இவை நம் கடைத்தெருவிலும் தறிக்கூடத்திலும் கிடைக்கும் கணக்குகள். கால், அரைக்கால் என்னும் பின்னங்களுக்குத் தமிழில் பழைமையான பெயர்கள் உள்ளன. கணவரின் சொத்தில் மனைவியின் பங்கு, பிள்ளை இல்லாதபோது காலும் இருக்கும்போது அரைக்காலும் ஆகும். ஜகாத்தோ நாற்பதில் ஒன்று. எண்ணறிவு குன்றியவர் தம் உரிமையையும் கடமையையும் பிறர் கணக்கிட்டுச் சொல்லவே கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

முன்னோர் நடத்திய விவாதம்

மக்தபில் கிடைக்கும் நேரமே குறைவு. அதில் தமிழையும் கணக்கையும் புகுத்தினால் குர்ஆன் கல்வி குன்றாதா என்னும் கேள்வி எழுவது இயல்பே. இதனைப் புதிய கேள்வி எனக் கருத வேண்டியதில்லை. 1377இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், சிறுவர் கல்வி முறை ஊருக்கு ஊர் வேறுபட்டதை விவரிக்கிறார். மக்ரிப் மக்கள் குர்ஆனை மட்டுமே கற்பித்தனர். அந்தலுஸ் மக்கள் குர்ஆனை அடிப்படையாகக் கொண்டு மொழி, கவிதை, எழுத்து ஆகியவற்றையும் சேர்த்தனர். முன்னவர்களிடம் மொழித்தேர்ச்சி குன்றியிருந்ததையும் பின்னவர்களிடம் அது மிகுந்திருந்ததையும் அவர் சுட்டுகிறார். காழி அபூபக்ர் இப்னுல் அரபி (மறைவு 1148) முதலில் மொழியையும் கவிதையையும், அடுத்துக் கணக்கையும், அதன்பின் குர்ஆனையும் கற்பிக்கலாம் என்றார். விளங்காததைச் சிறுவர்களை வாசிக்கச் செய்வதை அவர் விரும்பவில்லை. இப்னு கல்தூன் அம்முறையைப் பாராட்டினார். எனினும் வளர்ந்த பிள்ளை கல்வியைக் கைவிட்டுவிட்டால் குர்ஆனையே இழந்துவிடும் என்று அஞ்சியே மக்கள் குர்ஆனை முற்படுத்துகின்றனர் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

அவ்வச்சம் இன்றும் பொருந்தும். ஆகவே மக்தபில் குர்ஆனின் முதலிடம் மாற வேண்டியதில்லை. மக்தபின் கற்பிக்கும் முறையையே தமிழ் வாசிப்புக்கும் பயன்படுத்தலாம். நம் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் தம்முன் அமர்த்திப் பாடம் கேட்கிறார். முந்தைய பாடம் கைவராமல் அடுத்த பாடம் கொடுப்பதில்லை. பழைய பாடங்களைத் திரும்பத் திரும்ப ஒப்புவிக்கச் செய்கிறார். காயிதா முடித்த பின்னரே அம்ம ஜுஸ்வு. பிள்ளையை அதன் வயதால் அளக்காமல் அதன் நிலையால் அளக்கும் இம்முறை, அரும்பு, மொட்டு, மலர் என்று அரசு வகுத்ததற்கு மிக நெருங்கியது. நாற்பது பிள்ளைகளை ஒருசேர நோக்கும் வகுப்பறையில் மறைந்திருக்கும் குறை, ஒருவராக எதிரில் அமரும்போது மறைந்திருக்க இயலாது. கடுமை சிறுவரைப் பொய்க்கும் ஒளிப்புக்கும் பழக்கிவிடும் என்னும் இப்னு கல்தூனின் எச்சரிக்கையையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாசிக்கத் தெரியாததை ஒளிக்கும் பிள்ளைக்கு உதவ எவராலும் இயலாது.

செய்யத்தக்கவை

ஜமாஅத்துகள் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, பிள்ளையின் நிலையை அறிதல். 2005 முதல் 'பிரதம்' அமைப்பு நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பில் எளிய கருவியொன்று கையாளப்படுகிறது. எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை ஆகியவற்றைப் பிள்ளை வரிசையாக வாசிக்க வேண்டும். எண்களை இனங்காணல், கழித்தல், வகுத்தல் என்று கணக்கும் உண்டு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும். ஆண்டுக்கு இருமுறை மக்தபில் இதனைச் செய்யலாம்.

இரண்டாவது, நாள்தோறும் பத்து நிமிடம் தமிழ் வாசிப்பு. நபிமார் வரலாறுகளைக் கூறும் எளிய தமிழ் நூல்கள் இதற்குப் பொருத்தமானவை. வாசித்தபின் பொருள் கேட்க வேண்டும். பட்டம் பயிலும் நம் பெண்மக்கள் இப்பணியை ஏற்கத் தகுதியானவர்கள்.

மூன்றாவது, பெற்றோருக்கு எடுத்துரைத்தல். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் 'நீ வாசித்ததை எனக்குச் சொல்' என்று கேட்கலாம். பிள்ளை தன் சொற்களில் கூறினால் அது வாசித்திருக்கிறது. அதே வரியைத் திரும்ப ஒலித்தால் உஸ்தாதிடமோ ஆசிரியரிடமோ அன்றே சொல்ல வேண்டும். ஆண்டிறுதி வரை காத்திருத்தல் ஓராண்டை இழப்பதாகும்.

ஏழு வயதில் சில வாரப் பயிற்சியில் நீங்கும் குறை, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நீங்குவதற்குக் காரணமாகிவிடுகிறது. அதன்பின் அப்பிள்ளைக்கு ஆலையிலோ தறியிலோ வேலை கிடைக்கலாம். ஆனால் வேறு வேலையைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைப்பதில்லை. மூன்றாம் வகுப்புக்குள் எழுத்தையும் எண்ணையும் கைவரச் செய்வது அவ்வுரிமையை அதன் கையில் கொடுப்பதாகும். நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்பொறுப்பை ஏற்க ஒருவரேனும் முன்வர வேண்டும். அல்லாஹ் அதற்குத் துணைபுரிவானாக.