அரைநாள் போதும்: பேரப்பிள்ளைகளோடு ஓர் அண்மைப் பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கும் நாள்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "அவர்கள் போய்வரட்டும், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்." சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ மருந்துண்ணும் தாத்தா அல்லது பாட்டி கூறுவது இது. கேட்பதற்குப் பெருந்தன்மையாகத் தோன்றினும் அதனுள் ஓர் அச்சம் இருக்கிறது. வழியில் உடல் தளர்ந்தால் பிறருக்குப் பாரமாகிவிடுவோமோ என்பதே அது. பிள்ளைகளும் அதே அச்சத்தால் வற்புறுத்துவதில்லை. இவ்வாறு ஓரிரு விடுமுறைகள் கழிந்தால், வீட்டிலிருப்பதே அவருக்குரிய இடம் என்று எல்லாரும் பழகிவிடுகின்றனர். பேரப்பிள்ளைகளும் பழகிவிடுகின்றனர்.

அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. நெடுந்தொலைவுப் பயணமும், மலைப்பாதையும், நேரந்தவறிய உணவும் நோயாளரை வருத்தக்கூடியவையே. ஆனால் பயணம் என்றாலே தொலைவு என்று ஏன் கொள்ள வேண்டும்? ஐந்து வயதுக் குழந்தைக்கும் எழுபது வயது முதியவருக்கும் தேவைகள் ஏறக்குறைய ஒன்றே. இருவருக்கும் அடிக்கடி அமர இடம் வேண்டும். நேரத்திற்கு உணவு வேண்டும். கழிப்பறை அருகில் வேண்டும். நண்பகல் வெயில் ஆகாது. எனவே முதியவரின் உடல்நிலைக்கு அளவாகத் திட்டமிட்ட அரைநாள் பயணம் குழந்தைக்கும் பொருந்திவிடுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு அத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை.

மாமல்லபுரம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையே திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. முழங்கால் இடந்தராதவர்கள் அடிவாரத்திலுள்ள பக்தவத்சலேசுவரர் கோயிலை வணங்கிச் செல்லலாம்.

மாமல்லபுரத்தின் சின்னங்களை 1984-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அனைத்தையும் ஒரே நாளில் பார்க்க முனைய வேண்டா. அர்ச்சுனன் தபசு ஒன்றே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அப்பாறைச் சிற்பம் சாலையோரத்திலேயே இருப்பதால் படியேறாமல், ஊன்றுகோலுடன் நின்றோ சக்கர நாற்காலியில் அமர்ந்தோ காணலாம். பெரிய யானையின் அருகே, முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனை ஒன்றும் அதனைச் சூழ்ந்த எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. "பூனை எங்கே, கண்டுபிடி" என்று பேரப்பிள்ளையிடம் கூறிவிட்டுத் தாத்தா அமர்ந்துகொள்ளலாம். தவம் செய்பவன் அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்று அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். இரு கதைகளையும் சொல்லப் பாட்டிக்குத் தெரியும்.

அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் கன்றை நக்கும் பசுவும் பால் கறப்பவரும் சிற்பமாக உள்ளனர். மாடு வளர்த்த வீட்டில் பிறந்த முதியவர்களுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கும். ஐந்து இரதங்களைச் சுற்றி மணற்பாங்கான தரை. சக்கர நாற்காலியைத் தள்ளுவது கடினம். நடக்க இயலாதவரை அங்கு அழைத்துச் செல்வதைத் தவிர்க்கலாம்.

வேடந்தாங்கல்

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் உள்ளது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஏரியில் நீர் நிறைந்திருக்கும் ஆண்டுகளில், நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா முதலியவற்றைக் காணலாம். ஏரிக்கரைப் பாதை சமதளமானது. மாலையில் பறவைகள் கூட்டங்கூட்டமாகக் கூடு திரும்பும் காட்சிக்கு நடக்கவே தேவையில்லை. அமர்ந்து அண்ணாந்து பார்த்தால் போதும்.

அப்பறவைகளை 200 ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூர் மக்களே காத்துவருகின்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்களுடைய பாதுகாப்பு உரிமையை 1798-இல் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் ஏற்றுக்கொண்டார். பாட்டன் காத்ததைப் பேரன் காத்துவந்த ஊர் அது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

இவ்வளவு தொலைவும் இயலாதோர் கொளவாய் ஏரியைச் சுட்டிக்காட்டியபடி புறநகர் மின்தொடர் வண்டியில் சில நிலையங்கள் சென்று திரும்பலாம். குழந்தைக்கு அதுவும் பயணமே.

புறப்படும் முன்

பயண நாளன்று மருந்தைத் தாமே நிறுத்துவது நாங்கள் மிகுதியாகக் காணும் தவறு. வழியில் கழிப்பறை கிடைக்காது என்றெண்ணிச் சிலர் சிறுநீர் பெருக்கும் மாத்திரையை விட்டுவிடுகின்றனர். இதய நோயாளருக்கு இது மூச்சுத்திணறலை வரவழைக்கலாம். எந்நேரம் உட்கொள்வது என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறியுங்கள். இதயத்திற்காகவும் சிறுநீரகத்திற்காகவும் நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள், வெயில் நாளில் எவ்வளவு பருகலாம் என்பதையும் கேளுங்கள். அண்மையில் மாரடைப்போ அறுவை மருத்துவமோ கண்டவர்கள் மருத்துவர் இசைவின்றிப் புறப்படலாகாது.

இன்சுலினை நிறுத்திவைத்த வாகனத்தினுள் விட்டுச்செல்லாதீர்கள். வெப்பத்தில் அது கெடும். பனிக்கட்டியின்மேல் நேரடியாகவும் வைக்க வேண்டா, உறைந்தால் பயனற்றதாகிவிடும். சர்க்கரை நோயாளர் கையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதனையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

நரம்பு உணர்வு குன்றிய பாதங்களுக்குச் சுடுமணலும் வெயிலில் காய்ந்த பாறையும் பெருந்தீங்கு. சூடு உறைக்காமலேயே கொப்புளம் எழும். ஆதலால் வெறுங்காலுடன் நடக்க வேண்டா. வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துவிடுங்கள். எட்டாத இடத்தைப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். அவ்வேலையில் குழந்தைகள் மிகுந்த கவனத்துடன் இருப்பார்கள்.

கடலைப் பற்றி ஒரு சொல். மாமல்லபுரக் கடற்கரையில் அலையின் இழுப்பு வலிது. குழந்தைகளைக் கடலில் இறங்க விடாதீர்கள். விரைந்து ஓட இயலாத முதியவரிடம், கரையில் குழந்தையைக் காக்கும் பொறுப்பைத் தனியே ஒப்படைக்காதீர்கள். அது இருவருக்கும் இழைக்கும் தீங்கு.

உடனிருப்போருக்கு

நோயாளரைக் கவனிப்பவரும் களைத்தவரே. பயணத்திலும் உணவு, மருந்து, குழந்தை யாவும் அவர் தலையிலேயே விழுந்தால் அது ஓய்வாகாது. மருந்துப்பை ஒருவரிடம், உணவு ஒருவரிடம், குழந்தை ஒருவரிடம் என வீட்டிலேயே பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருமணி நேரமேனும் அவர் எப்பொறுப்புமின்றி அமர்ந்திருக்கட்டும். விடியலில் புறப்பட்டு வெயில் ஏறும் முன் திரும்புங்கள். அல்லது நான்கு மணிக்குப் புறப்பட்டு இருட்டும் முன் திரும்புங்கள். நோயாளர் "போதும்" என்றால் அப்போதே திரும்பிவிடுவதாக முன்னரே பேசிவையுங்கள். அவ்வுறுதி இருந்தால்தான் அடுத்த முறையும் அவர் அச்சமின்றி வருவார்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, "நான் எவ்வளவு தூரம் போய்வரலாம்?" என்று கேளுங்கள். உங்கள் உடல்நிலைக்கேற்ற விடையைச் சேர்ந்து வகுப்போம். விடை சில வேளை மாமல்லபுரமாக இருக்கலாம். சில வேளை தெருமுனைப் பூங்காவாக இருக்கலாம். எதுவாயினும், வீட்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஒன்றாகப் புறப்படுங்கள்.