காரில் ஒரு மாற்றம், மூன்று இடங்களில் ஒரு தகவல்

மும்பை–புனே சாலையில் ஞாயிறு விடியற்காலையில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். லோனாவளாவை அடுத்த உணவகங்களின் முன்னே பத்துப் பதினைந்து கார்கள் பானெட்டைத் திறந்தபடி வரிசையாக நிற்கும். அவற்றின் உரிமையாளர்கள் ஒரு கையில் தேநீரும் மறு கையில் வடா பாவுமாக ஒவ்வொரு காரையும் சுற்றிச் சுற்றி வருவார்கள். விபத்தோ பழுதோ அங்கே நேர்ந்திருக்காது. அவர்கள் கார் விரும்பிகள். புதிதாக வாங்கியதையும், பழுது பார்த்ததையும், மாற்றியமைத்ததையும் ஒருவருக்கொருவர் காட்டி மகிழக் கூடியவர்கள்.

எங்கள் கிளையில் கார் கடன் பெற்ற வாடிக்கையாளர் சிலர் இத்தகைய குழு ஒன்றில் உள்ளனர். புதிய கார் வந்த மகிழ்ச்சியில் ஒருமுறை எங்களையும் அழைத்தார்கள், சென்றோம். பின்னர் அழைக்காமலேயே சிலமுறை சென்றோம். கடன் கோப்பில் காணாத பலவற்றை அங்கே கற்றுக்கொண்டோம். வருந்தத்தக்க ஒரு நிகழ்வின் வழியாக, அவர்களும் எங்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். இரண்டையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பதிவுக்கு முன் ஒரு பார்வை

புதிய கார் வாங்கவிருப்போருக்கு அந்தக் குழுவினர் கூறும் முதல் அறிவுரை: காரை உங்கள் பெயரில் பதிவு செய்வதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள். பதிவு முடிந்தபின் குறை தெரிந்தால் வேறு கார் மாற்றித் தரும்படி கேட்பது எளிதன்று.

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. காரில் பொறிக்கப்பட்டுள்ள 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் எண், விலைப் பட்டியலிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் கடன் ஆவணத்திலும் ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழில் உற்பத்தி மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. அது 3224 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் அந்த டயர் தயாரானது என்று பொருள். ஸ்டெப்னி உள்பட ஐந்து டயர்களிலும் இதைப் பார்ப்பது நன்று.

மறைக்காமல் சொல்லும் பழுதுகள்

இவர்களிடம் எங்களைக் கவர்ந்தது, தங்கள் காரின் குறையையும் கைவிட்டுப் போன பணத்தையும் மறைக்காமல் சொல்லும் பண்பு. ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேடு உண்டு. எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, பாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அதன் பயனை நேரில் கண்டோம். ஒருவருடைய காரில் ஏ.சி. குளிரவில்லை. கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். குழுவில் மூத்தவர் ஒருவர், "ஓடும்போது குளிர்கிறதா, சிக்னலில் நிற்கும்போது மட்டும் குளிர் குறைகிறதா?" என்று கேட்டார். நிற்கும்போதுதான் என்றார் உரிமையாளர். மூத்தவர் தமது குறிப்பேட்டைப் புரட்டி, தமது காரில் அதே அறிகுறி தோன்றிய நாளைக் காட்டினார். கார் ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும்; நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்ய வேண்டும். அந்த விசிறிக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே பழுதாகியிருந்தது. பல ஆயிரம் ரூபாய்ச் செலவு சில நூறு ரூபாயில் முடிந்தது.

மாற்றியமைப்பதில் உள்ள கணக்கு

மாற்றியமைத்தல் என்றாலே ஆடம்பரம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அங்கே ஒரு கணக்குப் பாடம் கிடைத்தது. ஒருவர் 15 அங்குலச் சக்கரத்தை நீக்கிவிட்டு 16 அங்குல அலாய் சக்கரம் பொருத்தியிருந்தார். ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டாதா என்று கேட்டோம். அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

பழைய டயர் 185/65 ஆர்15. அகலம் 185 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 120.25 மி.மீ. மேலும் கீழுமாக இரு மடங்கு 240.5, அதனுடன் 15 அங்குலத்திற்குரிய 381 மி.மீ. சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. புதிய டயர் 195/55 ஆர்16. இதே முறையில் கணக்கிட்டால் 620.9 மி.மீ. வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; ஆகவே ஸ்பீடோமீட்டர் பிழையாகக் காட்டாது. தாங்கும் எடைக்கும் வேகத்திற்குமான குறியீடுகள் பழைய டயரினும் குறைந்துவிடக் கூடாது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அதைத்தான் இனிக் கூற வேண்டும்.

எரிந்துபோன ஒரு கார்

குழுவைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் 8,00,000 ரூபாய் விலையுள்ள பெட்ரோல் காரை எங்கள் கிளையில் 6,50,000 ரூபாய் கடன் பெற்று வாங்கினார். வட்டி 9 விழுக்காடு. தவணைக் காலம் 7 ஆண்டுகள். மாதத் தவணை 10,458 ரூபாய். ஒரு தவணையும் தவறியதில்லை. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்ததால், இரண்டாம் ஆண்டில் வெளிக்கடை ஒன்றில் சி.என்.ஜி. கிட் பொருத்திக்கொண்டார். எரிபொருளில் மிச்சமான தொகையை மாதந்தோறும் குறிப்பேட்டில் எழுதி, நண்பர்கள் அனைவருக்கும் காட்டினார். பதிவுச் சான்றிதழில் மட்டும் எரிபொருள் 'பெட்ரோல்' என்றே இருந்தது. காப்பீட்டுப் பத்திரத்திலும் அவ்வாறே இருந்தது.

நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு, நிறுத்தியிருந்த கார் தீப்பற்றி முற்றிலும் எரிந்தது. உள்ளே எவரும் இல்லை என்பதே ஆறுதல். ஆய்வுக்கு வந்த சர்வேயர் எரிந்த சிலிண்டரைக் கண்டார். தெரிவிக்கப்படாத மாற்றம் என்ற காரணத்தால் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். மூன்றாண்டு கடந்த காருக்கு வழக்கமான தேய்மானம் 40 விழுக்காடு. ஆகவே காப்பீட்டு மதிப்பு 4,80,000 ரூபாய். 36 தவணைகள் செலுத்தியபின் கடன் நிலுவை ஏறத்தாழ 4,20,000 ரூபாய். இழப்பீடு கிடைத்திருந்தால் கடன் தீர்ந்து கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கிடைக்காததால், இல்லாத காருக்கு 48 தவணைகள் எஞ்சின.

அவர் தவணை தவறவில்லை. மகளின் கல்லூரிப் படிப்புக்கென வைத்திருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்துக் கடனை அடைத்தார். அதற்கான படிவத்தை நிரப்பித் தந்தவர்கள் நாங்களே.

அன்று எங்கள் மனத்தை உறுத்தியது ஒன்று. காரில் மாற்றம் செய்யும் முன் வங்கியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற நிபந்தனை கடன் ஒப்பந்தத்திலேயே இருந்தது. கையொப்பமிட வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுத்த நாங்கள், அந்த வரியை வாசித்துக் காட்டவில்லை. அவர் சி.என்.ஜி. மிச்சத்தைப் பெருமையுடன் சொன்னபோது கேட்டு மகிழ்ந்தோமே ஒழிய, ஆர்.சி.யில் ஏற்றிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் வலியுறுத்தியது. அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்ற எரிபொருளுக்கு மாறச் சட்டம் இடம் தருகிறது; ஆயின், அம்மாற்றம் பதிவுச் சான்றிதழில் ஏற்றப்பட வேண்டும். முன் ஒப்புதலின்றி மாற்றம் நிகழ்ந்திருந்தால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதிக்கப்படாத மாற்றத்திற்கு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு வகை செய்கிறது.

காரின் நிறமும் பதிவு விவரங்களுள் ஒன்றே. வேறு நிறம் பூச விரும்புவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுக வேண்டும். கண்ணாடிகளைப் பொறுத்தவரை, முன்னும் பின்னும் 70 விழுக்காடு, பக்கங்களில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. பம்பருக்கு முன்னே பொருத்தும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களை அறிவுறுத்தியது. அவை நடந்து செல்வோருக்கு ஊறு விளைவிப்பதோடு, மோதலின்போது ஏர்பேக் செயல்படுவதற்கும் இடையூறாகலாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்குப் பொருந்தாத உறை தைப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

மூன்று இடங்கள்

காரில் எதையேனும் மாற்ற எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் எளியது. மூன்று இடங்களில் தகவல் தாருங்கள்.

முதலாவது, கடன் தந்த வங்கி. கடன் தீரும்வரை பதிவுச் சான்றிதழில் ஹைபாதிகேஷன் குறிப்பு, அதாவது கார் வங்கிக்கு ஈடாக உள்ளது என்னும் பதிவு, இருக்கும். ஆகவே மாற்றத்திற்கு முன் கிளையில் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள்.

இரண்டாவது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கிட் பொருத்தி, அதன் சான்றிதழையும் ரசீதையும் அளித்து ஆர்.சி.யில் திருத்தம் பெறுங்கள். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

மூன்றாவது, காப்பீட்டு நிறுவனம். சி.என்.ஜி. கிட், விலை உயர்ந்த மியூசிக் சிஸ்டம், அலாய் சக்கரம் போன்ற வெளியில் வாங்கிய பொருள்களின் மதிப்பைத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்தி, பத்திரத்தில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எண்டார்ஸ்மென்ட்' எனப்படும் அந்தத் தாள் கைக்கு வந்தபின்னரே வேலை முடிந்ததாகக் கருதுங்கள்.

கடன் தீர்ந்தபின் இன்னும் ஒரு பணி உண்டு. வங்கி தரும் தடையின்மைச் சான்றுடன் படிவம் 35-ஐயும் அளித்து, ஆர்.சி.யிலிருந்து ஹைபாதிகேஷன் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். கடைசித் தவணையோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டு, காரை விற்கும் நாளில் ஓடி வருவோரை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம்.

குறிப்பேட்டில் ஒரு பக்கம்

சென்ற முறை லோனாவளா சென்றபோது அந்த வாடிக்கையாளரைக் கண்டோம். நண்பர் ஒருவரின் காரில் வந்திருந்தார். புதிதாகக் கிட் பொருத்திய இளைஞர் ஒருவர் மைலேஜ் கணக்கை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆர்.சி. எங்கே, தம்பி? கொஞ்சம் காட்டு" என்றார் அவர். இளைஞர் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்றிருந்தது. பிறகு காப்பீட்டுப் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

இப்போது அக்குழுவினர் எல்லோருடைய குறிப்பேட்டிலும் முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன: வங்கி, ஆர்.டி.ஓ., காப்பீடு. எங்கள் கிளையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. கார் கடன் ஆவணத்தில் கையொப்பம் பெறும் முன், அந்த ஒரு நிபந்தனையை வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறோம். அதற்கு இரண்டு நிமிடமே ஆகிறது. உங்களிடம் எவரேனும் வாசித்துக் காட்டாவிடில், தயங்காமல் கேளுங்கள். புதிய காரின் சாவியை வாங்கும் அவசரத்திலும் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.