இரண்டாம் வகை நீரிழிவில் சர்க்கரைக் கட்டுப்பாடும் கொலஸ்ட்ரால் அளவும்: சென்னை ஆய்வுவழி ஒரு விளக்கம்

முன்னுரை

இரண்டாம் வகை நீரிழிவு இரத்தச் சர்க்கரையோடு மட்டும் நின்றுவிடும் நோயன்று. இரத்தக் கொழுப்பின் அளவையும் தன்மையையும் மாற்றி இதயத் தமனிகளையும் தாக்குவது. இத்தொடர்பைச் சென்னை மக்களிடையே நிகழ்ந்த ஆய்வொன்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு

தியாகராய நகர், திருமங்கலம் ஆகிய பகுதிகளிலுள்ள இரு குடியிருப்புகளில், 20 வயதும் அதற்கு மேலும் உடைய 1,262 பேரிடம் இவ்வாய்வு நடத்தப்பெற்றது. இதன் இதயநோய் முடிவுகளை மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2001இல் வெளியிட்டனர். இதயத் தமனி நோய், இயல்பான சர்க்கரை உடையோரில் 9.1 விழுக்காடாகவும், நீரிழிவுக்கு முந்தைய நிலையினரில் 14.9 விழுக்காடாகவும், நீரிழிவாளரில் 21.4 விழுக்காடாகவும் இருந்தது. வயதும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலும் அந்நோயோடு தொடர்புடைய காரணிகளாக அறியப்பட்டன.

கொழுப்பு மாறும் முறை

இன்சுலினின் செயல்திறன் குன்றும்போது, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் மிகுதியாக வெளியேறிக் கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி இரத்தத்தில் விடுகிறது. இதன் விளைவாக எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்கின்றன. இச்சிறு துகள்கள் தமனிச் சுவரினுள் எளிதில் புகவல்லவை. வழக்கமான பரிசோதனையோ துகள்களின் எண்ணிக்கையைக் காட்டாது, அவை சுமக்கும் கொலஸ்ட்ராலின் அளவையே காட்டுகிறது. ஆதலின் எல்.டி.எல். இயல்பாகத் தோன்றினும் இடர் மறைந்திருக்கலாம்.

கட்டுப்பாட்டின் எல்லை

சர்க்கரை கட்டுக்குள் வரும்போது டிரைகிளிசரைடு பெரும்பாலும் குறையும், எல்.டி.எல். அந்த அளவிற்குக் குறைவதில்லை. எனவே, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி நன்றாக உள்ளதெனக் கருதி, மருத்துவரைக் கேளாது ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துதல் பிழையாகும்.

முடிவுரை

சர்க்கரைக் கட்டுப்பாடு கொலஸ்ட்ரால் கட்டுப்பாட்டிற்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது. இரண்டையும் தனித்தனியே அளந்து, ஒருங்கே பேணுதலே நீரிழிவாளரின் இதயத்திற்குக் காப்பாகும்.