வயசைக் கேட்காதீங்க, பனியனைக் கேளுங்க!

"அதெல்லாம் ரெடிமேட் கோஷ்டிங்க. விளம்பரம் கொடுத்து ஆள் பிடிச்சு, மேக்கப் போட்டு மேடை ஏத்திவிட்டது!" - ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்று பேச்செடுத்தாலே எங்கள் வீட்டு ஆண்கள் இப்படித்தான் உதட்டைப் பிதுக்குவார்கள். 2024 ஏப்ரலில், விக்டோரியாவின் 50-வது பிறந்தநாள் விருந்தில் ஐந்து பேரும் சேர்ந்து ஆடிப் பாடிய வீடியோ வந்தபோது, "பாட்டியாகிற வயசுல இது தேவையா?" என்ற நக்கலும் சேர்ந்துகொண்டது.

ரெடிமேட் என்பது பொய்யில்லை. 1994-ல் 'தி ஸ்டேஜ்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில், ஆடவும் பாடவும் தெரிந்த 18 முதல் 23 வயதுப் பெண்கள் தேவை என்று ஒரு அப்பாவும் மகனுமாக விளம்பரம் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்த பெண்களைச் சலித்து ஐந்து பேரை எடுத்து, ஒரே வீட்டில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இதுவரை சரி. அதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லையே!

அந்தப் பெண்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலேயே 1995-ல் அங்கிருந்து வெளியேறி, வேறு மேனேஜரைத் தேடிக்கொண்டார்கள். முதல் பாட்டாக 'வானபி'தான் வரவேண்டும் என்று, வேறு பாட்டை நினைத்திருந்தவர்களிடம் மல்லுக்கு நின்றார்கள். 1996 ஜூலையில் வெளியான அது பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்கள் வரிசையில் ஐந்து பேர் பெயரும் உண்டு. 1997-ல் அந்த மேனேஜரையும் நீக்கிவிட்டுத் தாங்களே காரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற கிளிப்பிள்ளைகள் இப்படியா செய்யும்?

அடுத்தது வயசு. 1998-ல் ஜெரி விலகினார். 2000-த்தோடு குழு ஓய்ந்தது. பிறகு 2007 டிசம்பரில் ஐவரும் மறுபடி சேர்ந்து வான்கூவரில் கச்சேரியைத் தொடங்கியபோது, எம்மாவின் குழந்தைக்கு நாலு மாசம்கூட நிறையவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடுவது என்றால் சும்மாவா? நம்மில் எத்தனை பேருக்கு அந்த நாலாவது மாசத்தில் ஒரு வேளைச் சோற்றை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடிந்தது? 2019-ல் விக்டோரியா இல்லாமல் நால்வராக பிரிட்டன், அயர்லாந்தில் பாடி, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் முடித்தார்கள். நால்வருமே நாற்பதைத் தாண்டிய அம்மாக்கள்.

"காசுக்காகத்தானே?" என்பார்கள். ஆமாம், காசுக்காகவும்தான். அதில் என்ன தப்பு? ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகர் 2024-ல் 80 வயதில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி மேடையேறினார். அவருக்கு 'என்ன ஒரு தெம்பு!' என்று பாராட்டு. நாற்பத்தைந்து வயசுப் பெண் மேடையேறினால் மட்டும் 'பாட்டி'யா? இது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அவர்களிடம் நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'பெண் சக்தி' என்பதுதான் அவர்கள் கோஷம். 2019 ஜனவரியில் ஒரு செய்தி வெளியானது. பெண்களின் சம உரிமைக்கு நிதி திரட்ட அவர்கள் பேரில் விற்ற டி-ஷர்ட் ஒன்றின் விலை 19 பவுண்ட் 40 பென்ஸ். அதை பங்களாதேஷ் தொழிற்சாலையில் தைத்த பெண்களுக்கு மணிக்குக் கிடைத்தது வெறும் 35 பென்ஸ்! செய்தி வந்ததும் அதிர்ச்சி தெரிவித்து, விசாரணைக்குத் தாங்களே செலவு செய்வதாகக் குழுவினர் சொன்னார்கள். சரி, அவர்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டாமா? பனியன் கம்பெனி வேன் விடிகாலையில் ஹார்ன் அடித்துப் பெண்களை ஏற்றிப் போகிற ஊரில் வாழ்கிற எனக்கு, அந்த 35 பென்ஸ் இன்னும் உறுத்துகிறது.

அதனால் சகோதரிகளே, அடுத்த முறை அவர்கள் சேர்ந்து பாட வரும்போது யாராவது கேலி பேசினால் சொல்லுங்கள்: விளம்பரத்தில் தேர்வானது குற்றமில்லை, வயசானது குற்றமே இல்லை. கேட்கிறதானால், "மேடைக்கு வெளியே விற்கிற டி-ஷர்ட்டை யார் தைச்சாங்க, அவங்களுக்கு என்ன கூலி கொடுத்தீங்க?" என்று கேட்போம். அந்தப் பெண்களுக்கும் சேர்த்துத்தானே பெண் சக்தி?

- ஒரு வாசகி, திருப்பூர்.